ஹாலிவுட் விருந்துக்கு நடந்து போனோம்

என் கணவரின் முகத்தைவிட அவருடைய முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பின்கழுத்தில் இடது பக்கம் ஒரு மச்சம். காலரில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நூல். அவசரமாகப் போகும்போது லேசாகத் தூக்கிக்கொள்ளும் வலது தோள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த நாளிலிருந்து எங்கே போனாலும் அவர் முன்னால், நான் பின்னால். மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மாட்டுங்கா கோயிலுக்கு, சயான் ஸ்டேஷனுக்கு, எல்லா இடத்துக்கும் இதே ஊர்வலம்தான். எட்டிப் பிடிக்கலாம் என்று நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடப்பார். நான் நின்றுவிட்டால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்காமலே அவரும் நின்றுவிடுவார்.

மாட்டுங்காவில் சாயங்கால நேரத்தில் பூங்காவைச் சுற்றி வயதான தம்பதிகள் நடப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில், ஏதோ பேசிக்கொண்டே. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நாமளும் ஒரு நாள் இந்த மாதிரி சேந்து நடக்கலாம்லா?"

"நடந்துக்கிட்டுத்தானட்டி இருக்கோம்" என்றார் அவர், நாலடி முன்னாலிருந்து.

நகை கேட்டேனா, ஊர் சுற்றக் கூட்டிப் போகச் சொன்னேனா? என் புருஷன் ஒரே ஒரு நாள் என் பக்கத்தில் நடக்க வேண்டும். எனக்கு ஆசை என்று ஒன்று இருந்தது அதுதான். வெளியே சொன்னால் இந்த வயதில் இது என்ன கிறுக்கு என்பார்கள் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

எங்கள் கல்லியில், அந்த ஒடுக்கச் சந்தில், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, அது நியாயம்தான். எதிரே ஆள் வந்தாலே ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மாடி அறைகளுக்கு ஏறும் இரும்பு ஏணிகள் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். கல்யாணமாகி வந்த அன்றைக்கே அதில் ஒன்றில் நெற்றியை இடித்து, பட்டுச்சேலையில் ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தவள் நான். தழும்பு இன்னும் புருவத்துக்கு மேலே இருக்கிறது. இப்போதும் அந்த ஏணிக்குப் பக்கத்தில் வந்தால் அவர் கையை உயர்த்தி அதன் மூலையில் வைத்துக்கொண்டு, "என்னலே, சாப்ட்டாச்சா?" என்று மாடிக்காரருக்கு ஒரு குரல் கொடுப்பார். நான் குனிந்து தாண்டி வந்த பிறகுதான் பேச்சு முடியும். பெண்டாட்டியிடம் பேச வார்த்தை கிடையாது, மாடிக்காரரிடம் மட்டும் தினமும் விசாரிப்பு என்று நான் மனசுக்குள் பொருமிக்கொள்வேன். சரி, கல்லியை விடுங்கள். தொண்ணூறு அடி ரோட்டில் சேர்ந்து நடக்க என்ன கேடு?

இந்த ஆசையை நிறைவேற்றி வைக்க ஹாலிவுட் வரவேண்டியிருந்தது.

என் கணவர் பாண்டு கோட்டு தைக்கிறவர். கல்யாண ஊர்வலத்தில் ட்ரம்பெட் ஊதுகிறவர்களும் டிரம் அடிக்கிறவர்களும் போட்டுக்கொள்வார்களே, சிவப்புத் துணியில் தங்கச் சரிகை வைத்து, பித்தளைப் பட்டன் போட்ட கோட்டு, அதுதான் அவருடைய தொழில். நாலு மெஷின் வைத்த சின்ன இடம். நான் பட்டனும் கொக்கியும் தைப்பேன். ஒரு நாள் அங்கே ஒரு பெண் வந்தாள். குட்டையாக வெட்டிய முடி, தோளில் துணிப்பை, காலில் ஆண்பிள்ளைச் செருப்பு. மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வளர்ந்தவளாம். தமிழில் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. முதல் படம் எடுக்கப் போகிறாள் என்றாள்.

மொபைலில் ஒரு படத்தைக் காட்டி, "அங்கிள், இந்த மாதிரி பின்னால வால் வெச்ச கோட் தெச்சுத் தருவேளா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பாண்டுக்காரங்கதான? தச்சிருவோம்."

"பாண்டு இல்ல அங்கிள், ஹாலிவுட். அந்தக் காலத்து ஹாலிவுட்."

"சரிம்மா. ஹாலிவுட் பாண்டு" என்றார் அவர்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கதையைக் கேட்டேன். நம் ஊர்ப் பையன் ஒருவன் கப்பலேறிப் போய் ஹாலிவுட்டில் லைட் தூக்கும் வேலை செய்கிறான். அங்கே பெரிய நடிகைக்குப் பதிலாக விளக்கு வெளிச்சத்தில் நிற்பதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். லைட்டெல்லாம் சரிபார்க்கும்வரை அவள் நிற்க வேண்டும். காமிரா ஓடப் போகும்போது நடிகை வந்து நின்றுகொள்வாள், இவள் ஒதுங்கிவிட வேண்டும். நம் பையனுக்கு ஒதுங்கிப் போகிறவள்மேல் காதல். கடைசியில் ஒரு பெரிய விருந்து. எல்லோரும் ஜோடி ஜோடியாக உள்ளே வருகிறார்கள். பையன் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எல்லோருக்கும் கடைசியில், தனக்கென்று தைத்த உடையில் அவள் வருகிறாள்.

"வருவால்லா?" என்று கேட்டேன்.

"வருவா ஆன்ட்டி" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த விருந்துக்கு வரும் ஜோடிகளுக்குத்தான் கோட்டும் கவுனும். படம் கறுப்பு வெள்ளை என்பதால் கலர் முக்கியமில்லை என்றாள். பாண்டு வேலையில் மிஞ்சிய சிவப்பு சாட்டின் எங்களிடம் சுருள் சுருளாகக் கிடந்தது. கவுன் எல்லாம் அதிலேயே என்று முடிவானது.

அளவில்தான் சிக்கல் வந்தது. விருந்தாளியாக நடிக்கப் போகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கொலாபா பக்கம் சுற்றுகிற டூரிஸ்டுகளை ஷூட்டிங்குக்கு முதல் நாள்தான் பேசிப் பிடிப்பார்களாம். அதனால் மீடியம் இத்தனை, லார்ஜ் இத்தனை என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கணவர் ஆள் முன்னால் நிற்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டார். பெரிய டிரம் அடிப்பவருக்கு வயிறு ஒரு மாதிரி, ட்ரம்பெட் ஊதுபவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி. ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் பார்த்துத் தைத்துப் பழகியவர். நம்பரைச் சொன்னால், "நம்பருக்கு வயிறு இருக்கா?" என்று கேட்பார்.

ஆளுக்கு எங்கே போவது? கல்லிக்காரர்களைக் கூப்பிட்டார். காலையில் வியாபாரத்தை முடித்துவிட்டு வந்த இட்லிக்காரரை லார்ஜ் என்று நிறுத்தினார். பஸ் கண்டக்டரை மீடியம் என்று நிறுத்தினார். கவுனுக்கு இட்லிக்காரரின் மனைவியையும் என்னையும் இன்னும் சிலரையும் நிறுத்தினார். ரோட்டில் என் பக்கத்தில் நடக்காத மனிதர், ஊரே வேடிக்கை பார்க்க, என் தோளிலும் இடுப்பிலும் டேப் வைத்து அளந்தார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. எனக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. வெள்ளைக்காரிகள் உயரம் என்று கவுனை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டினார்.

ஷூட்டிங் அன்று காலை உடைகளை எடுத்துக்கொண்டு செம்பூர் போனோம். ஒரு பழைய கல்யாண மண்டபத்தை ஹாலிவுட் ஆக்கியிருந்தார்கள். மணமேடையை மறைத்து வெல்வெட் திரை. மேலே பிளாஸ்டிக் மணிகள் கோத்த பெரிய தொங்கு விளக்கு. தூணில் மட்டும் யாரோ ஒட்டிய சந்தனமும் குங்குமமும் லேசாகத் தெரிந்தது.

வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். கோட்டைப் போட்டார்கள். கை முழங்கையோடு நின்றுவிட்டது. பின்னால் தொங்க வேண்டிய வால் முதுகிலேயே நின்றது. அகலம் மட்டும் இன்னொரு ஆளை உள்ளே வைக்கலாம் போல இருந்தது. கவுன் போட்ட பெண்களுக்குக் கணுக்கால் தெரிந்தது, தோள் நழுவியது. ஒரு வெள்ளைக்காரப் பையன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

டைரக்டர் பெண் சிரிக்கவில்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். மண்டபம் அன்று ஒரு நாளைக்குத்தான். மறுநாள் முகூர்த்தம்.

"அங்கிள், இதெல்லாம் யாரோட அளவு?"

"இது இட்லிக்காரர். இது கண்டக்டர். அது எங்க வீட்டுக்காரி" என்றார் அவர், ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி. குரலில் பெருமைகூட இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அவா எல்லாம் இப்ப எங்க இருக்கா?"

"வீட்லதான் இருக்காவ."

"கூப்பிடுங்கோ."

முன்னால் நிற்கும் ஒன்றிரண்டு பேர் தவிர மற்ற ஜோடிகள் எல்லாம் கதாநாயகனுக்குப் பின்னால் மங்கலாகத்தான் தெரிவார்கள், தொப்பியும் கையுறையும் போட்டுவிட்டால் தாராவியா ஹாலிவுட்டா என்று யாருக்கும் தெரியாது என்று அவள் சொல்லிவிட்டாள். என் கணவர் போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஆட்டோ ஆட்டோவாக வந்து இறங்கினார்கள். தீபாவளிக்குக்கூட எங்கள் கல்லி அப்படிக் கிளம்பியதில்லை. அவருக்கும் ஒரு கோட்டு இருந்தது. தன் உடம்பையும் மீடியம் என்று அளந்து வைத்திருந்தார்.

"எல்லாரும் அவாவா ஆத்துக்காரரோட ஜோடியா வாங்கோ. கையைக் கோத்துண்டு வரணும். சொந்தப் புருஷன், சொந்தப் பொண்டாட்டின்னா கூச்சமே இருக்காது பாருங்கோ" என்றாள் டைரக்டர். கல்யாணமாகாத பெண், பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

கையைக் கோத்துக்கொண்டு! அதுவும் சினிமாவில்! மேக்கப் போட்டவர் ஒரு மராட்டிக்காரர். முகத்தை அசைக்காதே அசைக்காதே என்று ஹிந்தியில் அதட்டிக்கொண்டே இருந்தார். நான் எங்கே அசைத்தேன், சிரிப்பு தானாக வந்துகொண்டிருந்தது. நெற்றித் தழும்பைக் காட்டி என்ன என்று கேட்டார். ஏணி என்றேன். அதன்மேல் பூசிப் பூசி, இருந்த இடமே தெரியாமல் ஆக்கிவிட்டார். சிவப்பு சாட்டின் கவுனில் கண்ணாடி முன்னால் நின்றபோது, நான் அழகாகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஆக்‌ஷன்!"

கதவு திறந்தது. முன்னால் கதாநாயகன் காத்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஹாலிவுட் பிரமுகர்கள் நுழைந்தார்கள். முதலில் இட்லிக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நாலடி பின்னால் அவர் மனைவி. அடுத்து கண்டக்டர். நாலடி பின்னால் அவர் மனைவி. இப்படியே வரிசையாக. ஆண்கள் வெறுங்கையோடு வர, நாங்கள் ஒரு கையால் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தோம். இட்லிக்காரரின் மனைவி தன் பர்ஸோடு புருஷனுடைய உயரத் தொப்பியையும் கைத்தடியையும் சேர்த்து அக்குளில் இடுக்கியிருந்தாள். உள்ளே வந்ததும் ஆண்கள் எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்றுகொண்டார்கள், பெண்கள் நாங்கள் இன்னொரு பக்கம் சுவரோரமாகக் கூடிக்கொண்டோம். மண்டபம் என்றால் அப்படித்தானே நிற்போம்.

"கட்! கட்!"

டைரக்டர் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அசிஸ்டென்ட் பையன்தான் சிரிக்கவில்லை. "சாத் மே சலோ அங்கிள், சாத் மே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். சேர்ந்து நடக்க வேண்டுமாம்.

டைரக்டரே அவன் கையைக் கோத்துக்கொண்டு நடந்து காட்டினாள். மறுபடி செய்தோம். மற்றவர்கள் எல்லாம் மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். இட்லிக்காரரின் மனைவி, "யக்கா, இவுகளப் புடிச்சுக்கிட்டே நடக்கணுமாம்லா!" என்று சொல்லிவிட்டு, பிக்பாக்கெட்டைப் பிடித்த மாதிரி புருஷன் கையைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை. மனிதருக்கும் முகமெல்லாம் பல். இத்தனை வருஷம் எல்லோருக்குமே இந்த ஆசை இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் வரவில்லை. என் ஆளுக்கு.

வாசலில் நிற்கும்போது என் கை அவர் முழங்கையில் இருக்கும். மூன்றாவது அடியில் அவர் முன்னால் போய்விடுவார். என் கை காற்றில் நிற்கும். கட். மறுபடி. மறுபடியும் அதே. தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, விறுவிறு என்று போய்க்கொண்டே இருந்தார். அசிஸ்டென்ட் பையன் பொறுமை இழந்து, இந்த அங்கிளை எடுத்துவிட்டு ஆன்ட்டியோடு வேறு யாரையாவது விடலாம் என்று டைரக்டரிடம் சொன்னான்.

அது என் கணவர் காதில் விழுந்தது. உடனே, தப்பித்தோம் என்கிற குரலில், "ஆமாம்மா, நான் ஒதுங்கிக்கிடுதேன். இவ கூட வேற யாரையாவது நடக்கச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவர் கோட்டு வாலைப் பிடித்து, உடைகள் தொங்கவிட்ட கம்பிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க, நான் கேக்கேன். என் பக்கத்துல நடக்கதுக்கு ஒங்களுக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

"கேவலமா? என்னட்டி பேசுத?"

"பின்ன? வந்த நாள்லருந்து ஒங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு வாரேன். எவ எவளோ புருஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நடக்கா. எனக்கு அந்த மச்சத்தப் பாத்துக்கிட்டே நடக்கணும்னு எழுதியிருக்கு."

"எந்த மச்சம்?" என்று அவர் பின்கழுத்தைத் தடவினார். அங்கே மச்சம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"பேச்ச மாத்தாதீங்க. ஏன் முன்னால முன்னால ஓடுதீங்க?"

அவர் தொங்கிய உடைகளுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "கீழ பாத்தியா? லைட்டு வயரு. எவ்வளவு தடியாக் கெடக்கு. ஒன் கவுன நாந்தான் நீளமா வெட்டிட்டேன். தட்டி விழுந்தேன்னா என்ன செய்ய? நான் முன்னால போனாத்தான வழி பாக்க முடியும்? பக்கத்துல வந்தா வழியவா பாப்பேன்?"

"அப்ப ரோட்டுல? ஸ்டேஷன்ல? அங்க எல்லாம் வயரா கெடக்கு?"

அவர் என் நெற்றியைப் பார்த்தார். தழும்பு இருந்த இடத்தைத் தேடுவது தெரிந்தது.

"அன்னைக்கு நான் பின்னால வந்தேன்" என்றார்.

"என்னைக்கு?"

"நீ வந்த அன்னைக்கு. புதுப்பொண்ணு மொதல்ல போகட்டும்னு சொன்னாவ. ஒன்ன முன்னால விட்டுட்டு நான் பின்னால வந்தேன். ஏணி இருக்கு, குனின்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்திச்சு. அத்தன பேரு மத்தில ஒங்கிட்டப் பேச வெக்கமாப் போச்சு. சொல்லுததுக்குள்ள இடிச்சிட்ட."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷமாக நான் கர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா? இந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அழுதால் மராட்டிக்காரர் திட்டுவார் என்று அழாமல் இருந்தேன்.

"இங்க ஏணி இல்லைங்க" என்றேன்.

"வயரு இருக்குல்லா."

"அப்ப ஒண்ணு செய்ங்க. மொதல்ல நீங்க மட்டும் போய் எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க. நல்லாப் பாத்துட்டு வாங்க. அப்புறம் என் பக்கத்துல வாங்க."

அவர் யோசித்தார். பிறகு வெளியே போய், வால் கோட்டும் உயரத் தொப்பியுமாக, வாசலிலிருந்து மேஜைவரை தனியாக நடந்தார். கார்ப்பெட் மடிந்த இடத்தில் காலால் நீவிவிட்டார். ஒரு வயரைக் காட்டி லைட் பையனிடம் நகர்த்தச் சொன்னார். படி இருந்த இடத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். அசிஸ்டென்ட் பையன் வாயைத் திறந்தான். டைரக்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. வேலையை முடித்துவிட்டு என்னிடம் திரும்பி வந்து, முழங்கையை மடித்து நீட்டினார்.

"ம்" என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன்.

"ஆக்‌ஷன்!"

நடந்தோம். அவர் தைத்த கோட்டின் கை வழவழவென்று இருந்தது. உள்ளே அவர் கை சூடாக இருந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. எங்கோ ஒரு மூலையில் பழைய காலத்து இங்கிலீஷ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையை என் பக்கம் சாய்த்து, உதடு அசையாமல் பேசிக்கொண்டே வந்தார். "மெதுவா… இங்கன படி… கவுனத் தூக்கு… ஆங்… இனி ஒண்ணும் இல்ல, நேரா வா." இனி ஒன்றும் இல்லை என்ற இடத்தில் தரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். மேஜைவரை போனதே தெரியவில்லை.

டைரக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அங்கிள், அப்படி என்ன ஆன்ட்டி காதுல சொல்லிண்டே வந்தேள்? எங்க ஹீரோவுக்குக்கூட இப்படி வரல!"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா" என்றார் அவர். தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது.

படம் பிறகு வந்தது. எங்கள் மகள் தன் மொபைலில் போட்டுக் காட்டினாள். கதாநாயகி உள்ளே வரும் அந்தக் காட்சியில், அவளுக்கு முன்னால் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், இரண்டு கறுப்பு நிழல்கள் நகர்ந்து போகின்றன. அதுதான் நாங்கள். மகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "இதுல எது நீங்க, ஒண்ணுமே தெரியல" என்றாள். அவர் விரலை வைத்துக் காட்டினார். "இதான் ஒங்கம்மா. கவுனு தரையில இழுக்கு பாரு." எனக்கு அந்தப் படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. என்னைக் கேட்டால் உலகத்திலேயே நல்ல படம் அதுதான்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது ஷூட்டிங் அன்று சாயங்காலம் நடந்தது. வேலை முடிந்து, மேக்கப்பைக் கழுவிவிட்டு, சொந்தச் சேலையும் சொந்தச் சட்டையுமாகச் செம்பூரிலிருந்து எல்லோரும் பஸ் ஏறிச் சயானில் இறங்கினோம். இட்லிக்காரரும் மனைவியும் இன்னும் கையைக் கோத்துக்கொண்டே போனார்கள். கவுன் போனாலும் அவள் விடுவதாக இல்லை. ரோட்டில் வழக்கம்போல ஹாரன், கைவண்டி, வடா பாவ் கூட்டம். நான் பின்னால் ஒதுங்கப் போனேன். அவர் நின்றார். நான் பக்கத்தில் வந்த பிறகுதான் நடந்தார். தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள், பார்த்தார்கள், ஒருவர் திரும்பியும் பார்த்தார். அவர் ஒதுங்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும், "பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாய் திறந்து பேசத் தெரியும் இந்த மனிதருக்கு, இத்தனை நாள் பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரிடம் பேசுவார்?

கல்லி முனை வந்தது. இனி இரண்டு பேருக்கு இடம் இல்லை. அவர் பழக்கத்தில் முன்னால் காலெடுத்து வைத்தார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னைக்கு நான் முன்னால போறேன்."

"ஏணி இருக்குட்டி."

"எனக்குத் தெரியாதா? வாங்க."

அவர் ஒதுங்கி வழி விட்டார். நான் நடந்தேன். வந்த அன்றைக்குப் பிறகு, அவரோடு சேர்ந்து வரும்போது அவர் முதுகு மறைக்காமல் எங்கள் கல்லியை நான் பார்த்ததே இல்லை. கடைசிவரை நேராகத் தெரிந்தது, வாசல் வாசலாக விளக்கு வெளிச்சம் விழுந்து. "தண்ணி நிக்கி, தாண்டி வாங்க" என்றேன். "கல்லு." "வயரு, குனிங்க." ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து, "ம்" என்று சத்தம் வந்தது. வேடிக்கையாக இருந்தது இரண்டு பேருக்கும்.

ஏணி வந்தது. நான் தாண்டிவிட்டுத் திரும்பி நின்று, கையை உயர்த்தி அந்த இரும்பு மூலையில் உள்ளங்கையை வைத்து மூடினேன். வைத்த பிறகுதான் உறைத்தது. தினமும் அவர் கை இருந்த இடம் இது. அவர் மாடிக்காரருக்காக நிற்கவில்லை. என் நெற்றி இதைத் தாண்டும்வரைக்கும் நின்றிருக்கிறார். தினமும்.

மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மதினி, இன்னைக்கு நீங்க முன்னால?"

"சாப்ட்டாச்சாண்ணே?" என்றேன்.

அவர் என் கைக்குக் கீழே குனிந்து வந்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.